அடுப்பு வேண்டாம், குச்சி போதும்: கோடை விருந்துக்கு மூன்று இத்தாலியத் தீனிகள்

ஆகஸ்ட் வெயிலில் இத்தாலிய வீடுகளில் அடுப்புப் பக்கம் போக யாருக்கும் மனம் வராது. இரவுச் சாப்பாடும் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அதற்கு முன்னால் வரும் பொழுதுக்கு 'அபெரிடீவோ' என்று பெயர்: கையில் ஒரு கோப்பை, பக்கத்தில் கொறிக்கச் சிறு தீனி. அந்தத் தீனியை 'ஸ்டுட்ஸிகீனி' என்பார்கள். பசியைச் சீண்டிவிடுவது என்று பொருள். பல்குத்தும் குச்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இங்கே சொல்லப்போவது மூன்று வகை. மொசரெல்லா என்னும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் சேர்ந்த காப்ரேசே, முலாம்பழமும் ப்ரொஷூட்டோ என்னும் உலர்த்திய பன்றி இறைச்சியும், ஜாடிச் சரக்கை வைத்துக் கோக்கும் அன்டிபாஸ்டோ. எதற்கும் தீ வேண்டாம். ஆனால் தீ இல்லாத சமையலில் ஒரு சங்கடம் உண்டு. தாளித்தோ வதக்கியோ ஒரு குறையை மறைக்க முடியாது. இந்தக் குச்சிகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பாலாடைக்கட்டியின் தண்ணீர், தக்காளியின் தண்ணீர், பழத்தின் தண்ணீர். அதை அடக்கத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் கைவேலை.

எத்தனை செய்வது? பின்னால் சாப்பாடு இருந்தால் ஆளுக்கு மூன்று குச்சி. இதுவேதான் சாப்பாடு என்றால் ஆளுக்கு ஏழெட்டு. கீழே உள்ள அளவுகள் ஒவ்வொரு வகையிலும் 30 குச்சிக்கு.

குச்சி

10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள, உருண்டையான மெல்லிய மூங்கில் குச்சி சரியாக இருக்கும். பட்டையான குச்சி மொசரெல்லாவைப் பிளந்துவிடும். கபாப் சுடும் நீளக் குச்சியை வாங்காதீர்கள். அதில் கோத்தால் விருந்தாளி தலையைச் சாய்த்துக் கடித்து இழுக்க வேண்டியிருக்கும். மூங்கில் குச்சியை ஊறவைக்கச் சொல்வது நெருப்பில் கருகாமல் இருக்கத்தான். இங்கே அந்த வேலை தேவையில்லை, ஈரக் குச்சியால் நன்மையும் இல்லை. குழந்தைகள் வருகிறார்கள் என்றால் கோத்து முடித்தபின் கூர்முனையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.

காப்ரேசே

நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் காப்ரி தீவின் பெயரைத் தாங்கிய சாலட் இது. சிவப்பு, வெள்ளை, பச்சை: இத்தாலியக் கொடியின் நிறங்கள். தட்டில் வில்லை வில்லையாக அடுக்குவதைக் குச்சியில் கோக்கிறோம், அவ்வளவுதான்.

தேவையானவை: செர்ரி தக்காளி 30 (சுமார் 400 கிராம்), செர்ரி அளவு மொசரெல்லா உருண்டை 30 (நீர் வடித்து சுமார் 300 கிராம்), பேசில் இலை 30, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பொடியுப்பு அரைத் தேக்கரண்டி, மிளகு.

மொசரெல்லா வாங்குவதில்தான் பாதி வெற்றி. பீட்சாவில் துருவிப் போடும் கட்டி மொசரெல்லா இதற்கு உதவாது. அது உருகுவதற்கென்றே நீரைக் குறைத்துச் செய்தது, பச்சையாகக் கடித்தால் ரப்பர். நீரில் மிதந்தபடி விற்கும் புது மொசரெல்லாதான் வேண்டும். 10 கிராம் அளவுள்ள உருண்டைக்கு 'சிலியெஜீனே' என்று பெயர், செர்ரிப் பழம் என்ற பொருளில். 'பொக்கொன்சீனி' அதைவிடப் பெரியது, ஒன்று ஏறக்குறைய 50 கிராம் வரும். அதுதான் கிடைத்தது என்றால் நான்காக வெட்டலாம், ஆனால் வெட்டிய முகத்திலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

எருமைப்பால் மொசரெல்லாவுக்குப் பெயர் பெரிது. காம்பானியா வட்டாரத்து 'மொசரெல்லா தி புஃபாலா காம்பானா' 1996-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயராகப் பதிவானது. ஆனாலும் குச்சிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். மென்மையும் ஈரமும் அதில் அதிகம். தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டிச் சாப்பிட வேண்டிய பண்டம். குச்சிக்குப் பசும்பாலில் செய்த 'ஃபியோர் தி லாத்தே' போதும், காசும் மிச்சம்.

உருண்டைகளைச் சல்லடையில் கொட்டி 20 நிமிடம் வடியவிடுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து உள்ளங்கையால் லேசாக உருட்டுங்கள். பிழியக் கூடாது. இனி எண்ணெய், உப்பு, மிளகு போட்டுப் பிரட்டி அரை மணி நேரம் ஊறட்டும். எண்ணெயில் உப்பு கரையாது என்பதால் கல்லுப்பு வேண்டாம், பொடியுப்பே ஒட்டும். தக்காளிக்குப் பதில் மொசரெல்லாவுக்கு உப்புப் போடுவதற்குக் காரணம் உண்டு. வெட்டிய தக்காளியில் உப்புப் பட்ட பத்தாவது நிமிடம் நீர்விடத் தொடங்கும். மொசரெல்லாவில் அது மெதுவாகத்தான் நடக்கும், எண்ணெய்ப் பூச்சும் இடையில் நிற்கும்.

பூண்டு தட்டிப் போட ஆசையா? போடலாம். ஆனால் பச்சைப் பூண்டு கிடக்கும் எண்ணெயை வெளியே வைத்திருக்கக் கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர இடமுண்டு. அன்றே கலந்து அன்றே முடித்துவிடுங்கள்.

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே வாசனை மங்கிவிடும், சமைக்காத பண்டத்தில் அது உடனே தெரியும். கழுவித் துடைத்து, குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டுமுகம் துணியில் படும்படி கவிழ்த்து 10 நிமிடம் வையுங்கள். பேசில் இலையும் குளிருக்கு ஆகாது, கறுத்துப்போகும். கொத்தைப் பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திச் சமையலறையிலேயே வைத்தால் போதும். கழுவுவதாக இருந்தால் முன்கூட்டியே கழுவி, நன்றாக உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். கிழிக்கவோ நறுக்கவோ வேண்டாம். காயம்பட்ட ஓரம்தான் முதலில் கறுக்கும். பெரிய இலையை இரண்டாக மடித்துக் கோத்தால் ஆயிற்று.

பேசில் கிடைக்காத தமிழ் ஊர்களில் திருநீற்றுப்பச்சிலை இருந்தால் கவலை இல்லை. சப்ஜா விதை தரும் அந்தச் செடியும் இத்தாலியர்களின் பேசிலும் ஒரே இனம். மணம் மட்டும் வேறு மாதிரி, சற்றே தூக்கலாக இருக்கும், ஆகவே சின்ன இலையாகப் பாருங்கள். வீட்டுத் துளசி வேறு இனம். அதன் காரம் மொசரெல்லாவை அமுக்கிவிடும்.

கோக்கும் வரிசை: பாதித் தக்காளி, இலை, மொசரெல்லா, மறுபாதித் தக்காளி. தக்காளியின் வெட்டுமுகம் இரண்டும் உள்நோக்கி இருக்கட்டும். அப்போது எண்ணெயும் உப்பும் மொசரெல்லாவிலிருந்து தக்காளிக்கு இறங்கும், தட்டும் நனையாது.

உருண்டை பிளந்துபோவதுதான் எல்லாரும் சொல்லும் குறை. மொசரெல்லாவைக் கொதிநீரில் இழுத்து இழுத்து உருட்டுகிறார்கள். உள்ளே அது நார் நாராக, அடுக்கடுக்காக இருக்கும். குச்சி ஓரமாகப் போனால் அந்த அடுக்கோடு கிழியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்தினாலும் விறைப்பில் விரியும். எண்ணெயில் ஊறும் அரை மணி நேரமும் வெளியே இருக்கட்டும், பதம் வந்துவிடும். உருண்டையைப் பலகைமேல் வைத்து இரு விரலால் பக்கவாட்டில் அணைத்துப் பிடியுங்கள். குச்சியை உச்சியின் நடுவில் ஊன்றி, திருகாணி முடுக்குவதுபோல் திருகிக்கொண்டே இறக்குங்கள். அழுத்தாதீர்கள். குச்சி நுனி மறுபுறம் பலகையைத் தொட்டதும் நிறுத்திவிடலாம்.

வினிகர் பற்றி ஒரு வார்த்தை. காப்ரேசேயில் வினிகர் கிடையாது, தக்காளியின் புளிப்பே போதும் என்பது மரபு. மேலே ஊற்றிய பால்சமிக் என்னும் கருநிற வினிகர் மொசரெல்லாவைப் பழுப்பாக்கி, பத்து நிமிடத்தில் அழுக்குப் பிடித்த மாதிரி காட்டும். வேண்டுமென்றால் கெட்டியான பால்சமிக்கைச் சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், தொட்டுக்கொள்கிறவர்கள் தொட்டுக்கொள்ளட்டும். இத்தாலியின் மோதெனாவில் குறைந்தது 12 வருடம் பீப்பாயில் பழுக்கவைக்கும் 'திரதிஸியொனாலே' பால்சமிக் கையில் இருந்தால், தயவுசெய்து கிண்ணத்தில் ஊற்றிவிடாதீர்கள். அது சொட்டுக் கணக்கில் விடுவது.

முலாம்பழமும் ப்ரொஷூட்டோவும்

உப்பில் உலர்த்திய பன்றித் தொடை இறைச்சிதான் ப்ரொஷூட்டோ. பேர்போன பார்மா வட்டாரத்தில் அதற்குச் சேர்ப்பது கடலுப்பு ஒன்றுதான். தனியாக உப்புச் சேர்க்கும் வேலை இங்கே இல்லை. 30 குச்சிக்கு மெல்லிய துண்டு 15 (சுமார் 200 கிராம்), ஒன்றே கால் கிலோ முலாம்பழம், மிளகுப்பொடி. ஆரஞ்சு நிறச் சதையுள்ள, மேலே வலை போட்ட பழமாகப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் வாசம் வர வேண்டும். வரவில்லையா, அன்றைக்கு அது வேண்டாம். உப்பு இறைச்சிக்கு ஈடுகொடுக்க இனிப்பு மட்டுமே இருக்கிறது. பழம் சப்பென்று இருந்தால் மொத்தமும் பாழ்.

பழத்தை முழுசாகக் குளிரவைத்து, பிறகு 2.5 செ.மீ. கட்டங்களாக வெட்டித் துணியில் 15 நிமிடம் பரப்புங்கள். ப்ரொஷூட்டோவை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீளவாக்கில் கையாலேயே இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கொழுப்பு ஓரத்தை வெட்டி எறியாதீர்கள், சுவை அங்கேதான். கிழித்த நாடாவைப் புடவைக் கொசுவம்போல் முன்னும் பின்னும் மடித்து, மடிப்புகளின் நடுவே குச்சியை விட்டு, அடியில் பழத்தைக் கோத்துவிடுங்கள்.

பழத்தைச் சுற்றிப் போர்வையாகப் போர்த்துவது படத்தில் அழகு, வாயில் அல்ல. உப்பு பழத்தின் நீரை இழுக்கும், இறைச்சி ஊறிச் சவசவத்துப்போகும். கொசுவமாக மடித்தால் தொடும் பரப்பு கொஞ்சம்தான். அப்படியும் பரிமாற அரை மணிக்கு மேல் முந்தாதீர்கள்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு லொம்பார்தியா மாநிலத்து வல்தெல்லினா பள்ளத்தாக்கின் ப்ரெஸாவோலா இருக்கிறது. அது உலர்த்திய மாட்டிறைச்சி. இரண்டும் ஆகாதென்றால் முலாம்பழம், மொசரெல்லா, ஒரு புதினா இலை.

சைவ விருந்தாளிகளுக்காக ஒன்று கவனிக்க வேண்டும். பாலில் செய்தது என்பதாலேயே இத்தாலியப் பாலாடைக்கட்டி சைவமாகிவிடாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் பெகொரீனோ ரொமானோவும் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறையவைப்பவை. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த மொசரெல்லா தனியாகக் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்குங்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அன்டிபாஸ்டோ

சோம்பேறிகளுக்கும் முன்யோசனைக்காரர்களுக்கும் ஏற்றது இது. ஜாடிகளைத் திறந்து கோக்க வேண்டியதுதான், நீர்விடும் பச்சைச் சரக்கு இல்லாததால் முந்தின இரவே செய்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 30, ப்ரொவொலோனே என்னும் கெட்டிப் பாலாடைக்கட்டி சுமார் 120 கிராம் (1.5 செ.மீ. கட்டங்களாக), சலாமி என்னும் உலர்த்திய இறைச்சித் தொத்திறைச்சி மெல்லிய வில்லை 30, எண்ணெயில் ஊறிய சின்ன ஆர்டிசோக் என்னும் பூமொட்டுக் காய் 15 (பாதியாக வெட்டியது). ஆலிவில் சிசிலியின் காஸ்தெல்வெத்ரானோ வகை நல்லது. உப்புக் கரிக்காது, சதைப்பற்றானது. கொட்டை உள்ளதைக் கோக்கவே கூடாது. குச்சியில் இருப்பதை யாரும் பார்த்துக் கடிப்பதில்லை. ஆர்டிசோக்கைத் தாளில் கவிழ்த்து அரை மணி வடியவிடாவிட்டால் விருந்தாளியின் சட்டையில் எண்ணெய் சொட்டும். சலாமியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். ப்ரொவொலோனேக்குப் பதில் பார்மிஜானோ வைத்தால் குத்தும்போதே உதிரும்.

ஆலிவ், ஆர்டிசோக், சலாமி, கடைசியில் ப்ரொவொலோனே. கெட்டியானவை இரு முனையிலும் இருந்தால் நடுவில் உள்ள மெத்தென்றவை நழுவாது. ஜாடிச் சரக்கு குச்சிக்கு நான்குக்கு மேல் வேண்டாம். இதில் எல்லாமே உப்பு என்பதால், பரிமாறும்முன் நுனியில் ஒரு செர்ரி தக்காளியைச் செருகிவிடுவது நாக்குக்கு ஆறுதல். அந்தத் தக்காளியை மட்டும் முந்தின இரவே கோத்துவிடாதீர்கள்.

மேசைக்கு

கரையுள்ள அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். லெட்டூஸ் இலையை அடியில் விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். வழுக்கும், ஈரம் காட்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் வைத்து, அதில் நீங்களே ஒரு பழைய குச்சியைப் போட்டுவையுங்கள். அப்போதுதான் மற்றவர்களும் போடுவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் பூந்தொட்டியில் பொறுக்க வேண்டிவரும்.

இறைச்சியும் மொசரெல்லாவும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் 1 மணி நேரம்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் வைக்காதீர்கள். பாதியைக் கோத்து வையுங்கள். மீதி மொசரெல்லா எண்ணெயோடு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், முதல் தட்டு காலியாவதற்குக் கொஞ்சம் முன்பே வெளியே எடுத்துவைத்து, விறைப்பு போனதும் கோத்துக்கொள்ளலாம். தோட்டத்து விருந்தென்றால் ஆழமான தாம்பாளத்தில் ஐஸ் பரப்பி, அதன்மேல் தட்டை வையுங்கள்.

நேரம் தாண்டாமல் மிஞ்சிய காப்ரேசேயைக் குச்சியிலிருந்து உருவி, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதிர்த்து, வெங்காயமும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துப் பிசறினால் தஸ்கனியின் 'பன்ஸனெல்லா' சாலட் மாதிரி ஒன்று கிடைக்கும். இதில் வினிகர் தாராளமாகப் போகும்.