சாமிக்லவுஸ்: பதினான்கு சதவீத லாகரை ருசிக்க ஒரு மாலை

முதல் தடவை நான் இந்த பீரைத் தப்பாகத்தான் குடித்தேன். சூரிச்சில் வேலை பார்த்த முதல் டிசம்பர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உயரமான பீர் கிளாஸில் முழுப் புட்டியையும் கவிழ்த்து, தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி இரண்டு மடக்கு விழுங்கினேன். இருமல் மருந்தில் சர்க்கரையைக் கொட்டியது போல இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, கொட்டிவிடலாம் என்று எடுத்தபோது மனசு கேட்காமல் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். அதே கிளாஸில் வேறொரு பானம் இருந்தது. உலர்திராட்சை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, பின்னால் மெல்ல ஏறுகிற ஒரு சூடு. இந்தப் பதிவு அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியதுதான்.

முதலில், இது என்ன?

சுவிஸ் ஜெர்மனில் சாமிக்லவுஸ் என்றால் புனித நிக்கலஸ். 'சாமி' என்பது 'சாங்க்ட்' திரிந்த வடிவம், புனிதர் என்று பொருள். நம் சாமிக்கும் இதற்கும் உறவில்லை, ஆனால் பெயரை மறக்காமல் இருக்க உதவும். டிசம்பர் 6 அவருடைய நாள். சூரிச்சின் ஹுர்லிமான் ஆலை 1979-இல் அந்த நாளில் இந்த பீரை முதலில் காய்ச்சி, ஒரு வருடம் காத்திருந்து 1980-இல் விற்பனைக்கு விட்டது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் காய்ச்சுவது, பத்து மாதங்களுக்கு மேல் குளிர்ந்த தொட்டியில் கிடத்துவது, அடுத்த குளிர்காலத்தில் விற்பது என்பதே வழக்கமானது. 1990-களின் பிற்பகுதியில் ஹுர்லிமான் ஆலை மூடப்பட்டது. அந்த வளாகத்தில் இன்று வெந்நீர்க் குளியலகமும் கூகுள் அலுவலகமும் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரியாவின் ஃபோர்க்டோர்ஃப் ஊரில் உள்ள எக்கன்பெர்க் ஆலை, பழைய ஆலையின் ஆட்களோடு சேர்ந்து, இதைத் திரும்பவும் காய்ச்சத் தொடங்கியது.

14 சதவீத ஆல்கஹால். நம்மூரில் ஸ்ட்ராங் பீர் என்று விற்பதே 8 சதவீதத்தைத் தாண்டாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைத் தருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதே ஆல்கஹால் ஈஸ்டை முடக்கிவிடுகிறது. லாகர் என்பது குளிரில் கிடத்திப் பக்குவப்படுத்தும் பீர் வகை. சாதாரண லாகர் ஈஸ்ட் இந்த அளவுக்கு வருவதற்கு வெகு முன்பே சுருண்டு படுத்துவிடும். ஹுர்லிமான் ஆலைக்கு ஈஸ்ட் ஆராய்ச்சியில் நல்ல பேர் இருந்தது. இவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கும் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம். ஆனாலும் அந்த ஈஸ்டும் கடைசியில் களைத்துத்தான் போகிறது. அது தின்னாமல் விட்ட மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சர்க்கரைதான் நம் நாக்கில் படும் இனிப்பு.

லாகர் என்ற சொல்லே ஜெர்மனில் 'கிடத்தி வைப்பது' என்ற வினையிலிருந்து வந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது நம் பழமொழி. இங்கே கதை தலைகீழ்.

புட்டியைத் தேர்வது

பெரும்பாலும் லேபிளில் ஆண்டு இருக்கும், அதைப் பாருங்கள். புதியதில் இனிப்பும் ஆல்கஹால் காரமும் துருத்திக்கொண்டு நிற்கும். நான்கைந்து வருடம் போனதில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, ஷெர்ரி வைன் சாயல் வந்திருக்கும். ஆரம்பத்தில் புதியதையே வாங்குங்கள், பழையதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். புதியதைத் தெரிந்தால்தானே பழையது எங்கே மாறியது என்று பிடிபடும்?

இது கிடைக்காத ஊர் என்றால் ஜெர்மன் டாப்பல்பாக் வகையில் ஒன்றை எடுங்கள். முனிச்சின் பவுலானர் துறவிகள் நோன்பு காலத்துக்குக் காய்ச்சிய கெட்டியான பீரின் வழிவந்த வகை அது. சால்வட்டர், செலிபிரேட்டர் என்று பெயர்கள் பெரும்பாலும் 'ட்டர்' என்று முடியும். பலம் பாதிதான், குடும்பம் ஒன்று. கீழே சொல்கிற முறை அதற்கும் பொருந்தும்.

ஃபிரிட்ஜிலிருந்து எப்போது எடுப்பது

குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு. நான் கோட்டை விட்டது இங்கேதான். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும், மணமும் எழும்பாது; இனிப்பும் பிசுபிசுப்பும் மட்டும் தெரியும். 8 டிகிரி அளவில் தொடங்கி, குடிக்கக் குடிக்க 14 வரை ஏறவிட வேண்டும். வெப்பமானியெல்லாம் தேவையில்லை. புட்டியைத் தொட்டால் ஜில்லென்று இல்லாமல், கிணற்றுத் தண்ணீர் போலக் குளுமையாக இருந்தால் சரி.

கிளாஸ், ஊற்றுவது

பிராந்தி கிளாஸ் சிறந்தது. இல்லாவிட்டால் வைன் கிளாஸ். வாய் குறுகியிருந்தால் மணம் உள்ளேயே தங்கும். சோப்பு வாடை போக வெறும் தண்ணீரில் ஒருமுறை நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு 100 மி.லி. போதும். 330 மி.லி. புட்டியில் ஏறக்குறைய 46 மி.லி. ஆல்கஹால் இருக்கிறது, அதாவது சாதாரண 5 சதவீத பீர் கிட்டத்தட்ட மூன்று புட்டிக்குச் சமம். மூன்று பேருக்கு ஒரு புட்டி என்பதே நியாயமான கணக்கு. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 தான் வரம்பு. அதனால் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு டிராமில் போங்கள்.

நுரை கொஞ்சமாக வந்து உடனே அடங்கிவிடும். பதறவேண்டாம், புட்டி கெட்டுப்போகவில்லை; இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்பு கலந்த பழுப்பு தெரியும். கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் ஓரத்தில் கோடு கோடாக மெதுவாக இறங்கும். பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல, கம்பிப் பதம் அளவுக்கு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மோந்து பார்ப்பது

மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள். ஆல்கஹால் சுருக்கென்று ஏறி, அடுத்த இரண்டு நிமிடம் வேறெதுவும் தெரியாது. ஓரத்துக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி, குட்டிக் குட்டியாக மூச்சை இழுங்கள். பிறகு கிளாஸை விலக்கிவிட்டு மறுபடி இழுங்கள்.

என்ன மணம் என்று கேட்டால் பலர் திணறுவார்கள், ஏனென்றால் படித்த சொற்களைத் தேடுவார்கள். ஆங்கிலக் குறிப்புகளில் வரும் அத்தி, பிளம், டாஃபி எல்லாம் சரிதான். உங்கள் அடுக்களையில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். எனக்கு முதலில் வந்தது கருப்பட்டி உருகும் மணம். அப்புறம் ரம்மில் ஊறிய உலர்திராட்சை. கூட இருந்த நண்பர் "பஞ்சாமிர்தம்" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் சொன்னது தப்பில்லை.

வாயில் வைப்பது

முதல் மடக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நாக்கை எழுப்பத்தான். இரண்டாவதை அரை டீஸ்பூன் அளவு எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு மூன்று நான்கு வினாடி வைத்திருங்கள். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி ருசி அந்த மூச்சில்தான் இருக்கிறது.

முன்னால் இனிப்பு. நடுவில் பழமும் தீய்ந்த சர்க்கரையும். கடைசியில் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் லேசான கசப்பு. அது இல்லாவிட்டால் வெறும் சர்பத்தாகிவிடும். பிறகு நெஞ்சுக்குள் சூடு. இந்தச் சூட்டைக் கவனிக்கக் கற்றுக்கொள்வதுதான் பாடத்தின் முக்கால்வாசி. கஷாயம் குடித்ததுபோல் நெஞ்சில் பரவினால் நல்ல பதம். தொண்டையில் அரித்து, நகப்பூச்சு நீக்கியின் வாடை வந்தால் அது குறை. ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் காற்றுப் பட்டு வீணான பழைய புட்டி. ரொம்ப வயசான புட்டியில் சோயா சாஸ் சாயல் வருவதுண்டு. சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஆகாது.

அப்புறம், சும்மா இருப்பது

இருபது நிமிடம் கிளாஸைத் தொடாமல் பேசிக்கொண்டிருங்கள். திரும்ப மோந்து, திரும்ப ஒரு வாய். இன்னொரு இருபது நிமிடம், இன்னொரு வாய். ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவையுங்கள். என் நோட்டில் ஒரு மாலையின் மூன்று வரிகள் இவை: "இனிப்பு, ஜில், வேறொன்றுமில்லை." "பேரீச்சை வந்துவிட்டது." "பழைய மரப்பெட்டி, கிராம்பு, கசப்பு எங்கே ஒளிந்திருந்தது?" கிளாஸைக் கையில் வைத்துச் சூடேற்றி அவசரப்படுத்தலாம்தான். பத்து மாதம் தொட்டியில் கிடந்த பொருளிடம் அந்த அவசரம் எதற்கு?

கூடக் கொறிக்க

டிசம்பர் 6 அன்று சாமிக்லவுஸ் வேடமிட்டு வருபவர் சுவிஸ் குழந்தைகளுக்குக் கொடுப்பது மாண்டரின் ஆரஞ்சு, வேர்க்கடலை, இஞ்சி கேக் வகை. அந்தப் பையையே தட்டில் கவிழ்த்தால் போதும். குறிப்பாக உப்பில்லாத வறுத்த வேர்க்கடலை. ஒவ்வொரு கடலைக்கும் நாக்கு துடைத்துவிட்டது போலாகிறது. நீலப் பூசணம் ஓடிய சீஸோடு இதை ஒரு முறையாவது முயலுங்கள், உப்பும் இனிப்பும் கட்டிப் புரளும். பால் சாக்லேட் வேண்டாம், இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டும். காரச்சேவு வைத்துப் பார்த்தேன். மிளகாயும் ஆல்கஹாலும் சேர்ந்து வாய் எரிந்ததுதான் மிச்சம்.

இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

மிச்சமிருந்தால்

புட்டியில் பாதி மீந்தால் இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாயு ஏற்கெனவே குறைவு என்பதால் மறுநாளும் பெரிதாகக் கெடாது. இரண்டு நாள் தாண்டினால் சின்னச் சட்டியில், சிறு தீயில், கால்வாசியாகும்வரை வற்றவையுங்கள். பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஆறியதும் வனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு கரண்டி.