ரேகை விழாத அப்பாவுக்கு வாழ்நாள் சான்றிதழ்

அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; வீடு மொரப்பூர் பக்கம். ஓய்வூதியம் தொடர, உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழை நவம்பரானால் கொடுத்தாக வேண்டும். காட்டு வேலையில் தேய்ந்த விரல், கருவியில் ரேகையே விழவில்லை. துடை, எண்ணெய் தடவு, அழுத்து என்று பாடாய்ப் படுத்தினார்கள். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், மெஷின் நம்பமாட்டேன் என்கிறது!

2021 முதல் முகத்தைக் காட்டியே பதியலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமாண்’ என்ற இரண்டு செயலிகளையும் ஏற்றினேன். ஆதார், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), வங்கிக் கணக்கு எண்கள் கையில் இருக்கட்டும். திண்ணையில் பின்வெளிச்சம் பட்டு முகம் இருட்டடித்தது. வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பி உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். “கண்ணைச் சிமிட்டுங்கப்பா.” சிமிட்டினார், முடிந்தது.

80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போன் ஒத்துவராதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வருவார், கட்டணம் உண்டு.