கம்பு விழுந்தால் குனியாதீர்கள்: சிலம்பம் கற்க வருபவர்களுக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் எங்கள் சிலம்ப வகுப்பு நடக்கும் சமூக மன்றத்து மண்டபத்தில் புதிதாக 9 பேர் வந்து நின்றார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, 23 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அத்தனை கோமாளித்தனத்தையும் வரிசையாகச் செய்து காட்டிவிட்டார்கள். ஆசான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கம்பைச் சுழற்றிப் பார்க்கிறார், இன்னொருவர் அடுத்தவர் கம்பைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடிக்கிறார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நகம் வெட்டுங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள் என்பதெல்லாம் சேர்க்கைத் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

வளரும் பிள்ளைக்கு என்று நீளக் கம்பு வாங்குவது

பள்ளிச் சீருடை வாங்குகிற அதே கணக்கை அப்பாமார்கள் இங்கேயும் போடுகிறார்கள். கம்பைத் தரையில் ஊன்றினால் நுனி நெற்றி அளவுக்கு வர வேண்டும், அதுதான் எங்கள் வகுப்பில் அளவு. தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் இடிப்பான், மணிக்கட்டு போகும்.

ஊரிலிருந்து வரும்போது மூங்கில் கம்பு கொண்டுவருகிறவர்கள் உண்டு. நல்ல கம்புதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும், சிலாம்பு கிளம்பும். பிரம்பு உள்ளே பொந்து இல்லாதது, அடி வாங்கினால் நார் நாராகப் பிரியுமே தவிர அப்படித் தெறிக்காது. எதுவாக இருந்தாலும் வகுப்புக்கு முன்னால் ஒரு பழைய துணியைக் கம்பின் மேல் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு துணியில் மாட்டும், உள்ளங்கையில் மாட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். பளபளவென்று வார்னிஷ் அடித்த கம்பு படம் எடுக்க நன்றாக இருக்கும், இந்த ஊர் வியர்வையில் சோப்புக் கட்டிதான்.

உடை

வேட்டி மேடைக்கு. தார்ப்பாய்ச்சிக் கட்டத் தெரியாதவர்கள் வகுப்புக்குக் கட்டிக்கொண்டு வரவேண்டாம். குதிகாலை மூடுகிற கால்சட்டையும் அப்படித்தான், பின்காலை எடுத்து வைக்கும்போது மிதித்துவிட்டு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துப்பட்டா கிடையாது. காலுறை போட்டுக்கொண்டு மண்டபத் தரையில் காலடி (கால் எடுத்து வைக்கும் முறை) பழகுவது சறுக்கு விளையாட்டு, வெறுங்கால்தான் சரி. இடுப்புக் கச்சையைப் பற்றிக் கேட்கிறார்கள், முதல் மாதத்தில் அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

நகை

கழற்றுங்கள். தாலி என்றால் சட்டைக்குள் போட்டு ஒட்டுப்பட்டையால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

விழுந்த கம்பை எடுக்கக் குனிவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது 19 வயது, கட்டாயத் தேசிய சேவைக்கு (ராணுவம், போலீஸ் மாதிரி) போக இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவில் நாலு பேர் பழகிக்கொண்டிருந்தோம். கை வியர்த்து, கம்பு நழுவி, கடகடவென்று உருண்டு பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் காலடிக்குப் போனது. நான் யோசிக்கவே இல்லை, குனிந்தேன். அவர் அந்த நேரம் காலை மாற்றித் திரும்பிக்கொண்டிருந்தார், முதுகு என் பக்கம். சத்தம்தான் முதலில் கேட்டது, வலி அப்புறம். வலது புருவத்துக்கு மேல் 6 தையல். இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண். அம்மா மருத்துவமனைக்கு வந்து பார்த்துவிட்டு, “கம்பு சுத்தப் போனியா, கம்படி வாங்கப் போனியா?” என்று கேட்டார். அந்த அண்ணன் அதற்கப்புறம் ஒரு மாதம் கம்பையே தொடவில்லை, அதுதான் எனக்குத் தையலைவிட வலித்தது.

ஏன் குனிகிறோம்? முதல் நாளே நாம் கற்றுக்கொள்வது என்ன, கம்பு காலில் படக்கூடாது, கம்பைத் தாண்டக்கூடாது, தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகம் காலில் பட்டால் பதறுகிற பிள்ளைகள்தானே நாம், அதனால் இது உடனே மனதில் ஏறிவிடுகிறது. கம்பு தரையில் விழுந்ததும் ஐயோ என்று ஒரு பதற்றம், கூடவே ஆசான் பார்த்துவிட்டாரோ என்ற வெட்கம், இரண்டும் சேர்ந்து கழுத்தைக் கீழே தள்ளுகிறது. மரியாதை சொல்லிக்கொடுத்த நாங்களேதான் குனியவும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 சென்டிமீட்டர் கம்பு, பிடித்த கைக்குப் பின்னால் ஒரு சாண் போனால் முன்னால் 140 மிச்சம், அதோடு நீட்டிய கை ஒரு 60. ஆக 2 மீட்டர். கம்பு சுற்றுகிறவரைச் சுற்றி 4 மீட்டர் அகல வட்டம் முழுக்க அவர் கம்புக்குச் சொந்தம். நீங்கள் நிற்கும்போது உங்கள் முகம் அவர் பார்வையில் படும். குனிந்துவிட்டால் அவர் கண்ணுக்கு அந்த இடம் காலி, உங்கள் தலையோ இடுப்பு வீச்சு வருகிற உயரத்துக்குச் சரியாகப் போய் நிற்கிறது.

சரி, என்ன செய்வது? கம்பு விழுந்தால் நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தூக்கி “கம்பு!” என்று கத்துங்கள். எல்லாரும் நிறுத்திக் கம்பைச் செங்குத்தாக ஊன்றிய பிறகு முழங்காலை மடக்கி, தலையைத் தொங்கப்போடாமல், கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு எடுங்கள். அடுத்தவர் வட்டத்துக்குள் உருண்டுவிட்டால் நீங்கள் போகவே வேண்டாம், அவர் எடுத்துக் கையில் கொடுப்பார். அப்புறம் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், தாராளமாக.

இதை ஆசானிடம் சொல்ல எனக்கு 4 வருடம் பிடித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வகுப்பு நடுவில், எல்லாரும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, தன் கம்பைத் தானே கீழே போட்டுவிட்டுத் தூண் மாதிரி அசையாமல் நின்றார். ஒவ்வொருவராகக் கவனித்து நிறுத்துகிறவரை நின்றார். அவர் கம்பு தரையில் கிடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெற்றோருக்கும் இதே சொல்தான். சில மாதத்துக்கு முன் ஒரு பாட்டி பேரனின் முகத்தைத் துடைக்கத் துண்டோடு நேராகக் களத்துக்குள் நடந்து வந்தார், ஆறு பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தொண்டையே அடைத்துவிட்டது. போன் விழுந்தாலும் இதேதான், காதில் மாட்டும் ஒலிப்பான் விழுந்தாலும் இதேதான் (அதை ஏன் மாட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்பது வேறு கேள்வி).

தாமதமாக வந்தால்

ஓரத்தில் நில்லுங்கள், ஆசான் தலையசைத்ததும் வாருங்கள். சுற்றிக்கொண்டிருக்கிறவர் காலில் விழ ஓடாதீர்கள்.

வேகம்

காலடி படியாமல் வேகம் வேண்டாம்.

வழியில்

கம்பை உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது இங்கே குற்றம். வகுப்புக்குப் போகிறேன் என்பது காரணம்தான், ஆனால் எம்ஆர்டி ரயில் நடைமேடையில் உறையைக் கழற்றி நண்பனுக்கு நாலு சுற்று காட்டினால் அதை யாரிடம் போய் விளக்குவீர்கள்? நகர்படியில் கம்பைத் தோளில் சாய்க்காதீர்கள், பின்னால் நிற்பவர் முகத்துக்கு நேராக நிற்கும். வீட்டுக்குக் கீழே பழகுவதானால் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுகிற பக்கம் போகாமல், மேலே விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நான் ஒரு குழல்விளக்குக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

இடி

சிங்கப்பூரில் வருடத்துக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் அதிகம். திறந்த திடலில் கையில் நீளக் கம்போடு நிற்க அது நேரமில்லை, மழை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். முதல் உறுமல் கேட்டதும் உள்ளே வந்துவிடுவோம். மழை விட்டாலும் தரை ஈரமாக இருக்கும், அன்றைக்குக் காலடி கிடையாது. உட்கார்ந்து கம்புக்கு எண்ணெய் தடவித் துடைப்போம்.