இன்டர்ன்ஷிப் கேட்கும் முன் இரண்டு பக்கம் எழுதுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு சின்னச் சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பில் எனக்கு வேலை. பொங்கல் முடிந்த கையோடு மாணவர்களின் மெயில்கள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரே தொடக்கம்: ‘சிறு வயதிலிருந்தே எனக்கு இயற்கை மீது ஆர்வம்.’ யாருக்குத்தான் இல்லை? அதற்கு மேல் படிக்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் உங்கள் ஊர்க் குளத்தையோ சாக்கடையையோ பற்றி நீங்களே தேடி எழுதிய இரண்டு பக்கம் கூடவே வந்தால், அன்றைக்கே பதில் போட்டுவிடுவேன். அந்த இரண்டு பக்கத்தை எப்படித் தயார் செய்வது என்று மட்டும் சொல்கிறேன். பயோடேட்டா அழகாக்குவதைச் சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் கொள்கை என்றதும் மரம் நடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சட்டம், எந்த அதிகாரி, என்ன உத்தரவு, அது நடந்ததா, நடக்கவில்லை என்றால் எங்கே சிக்கியது. இவ்வளவுதான் விஷயம். இதைப் படிக்க டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம்.

சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்காக நொய்யலில் கட்டியது. திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து தேங்கி, சுற்றுப்பட்ட கிணறுகள் உப்பாகிப்போய், விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்பது அதற்கப்புறம்தான் கண்டிப்பானது. இன்றைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி போட்டுத் தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, கிடைக்கும் உப்பில் ஒரு பகுதியைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தங்கிவிடுகிறது. அந்த மூட்டைக்கு யார் பொறுப்பு, எந்த விதியின் கீழ்? இந்த ஒரு கேள்வி போதும், இரண்டு பக்கம் தானாக வரும். உப்பு வேண்டாம் என்றால் குளம் இருக்கிறது: ஈரோடு பக்கம் வெள்ளோடு 2022இலும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இலும் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சேர்ந்த பிறகு அங்கே நடைமுறையில் என்ன மாறியது?

கேள்வி கிடைத்ததும் காகிதத்தைத் தேடுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் இரண்டின் உத்தரவுகளும் அவற்றின் இணையதளங்களிலேயே கிடைக்கும். கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு ஒன்றரை வரியில் மழுப்பல்தான் வரும். ‘2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை இந்த இடத்தில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்’ என்று கேளுங்கள். நேரில் போனால், ‘எதுக்குங்க தம்பி இதெல்லாம்?’ என்பார்கள். படிப்புக்குங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் எங்காவது ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் கட்டாயம் போங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (EIA) அறிவிக்கைப்படி 30 நாள் முன்பே பேப்பரில் விளம்பரம் வரவேண்டும், திட்டச் சுருக்கம் தமிழிலும் இருக்கவேண்டும். அதைப் படித்துவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசினார்கள், எது பதிவானது, எது விட்டுப்போனது என்று குறித்துவாருங்கள். எந்தக் கல்லூரி வகுப்பும் இதற்கு ஈடாகாது.

எழுதும்போது முதல் பத்தியில் கேள்வி, நடுவில் ஆதாரம், கடைசியில் ஒரே ஒரு பரிந்துரை. ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடித்தால் நான் தாளை மூடிவிடுவேன். அரசு என்றால் எந்த மேசை?

அனுப்புமிடங்கள்: ஆனைக்கட்டி சலீம் அலி பறவையியல் மையமும் வேளாண் பல்கலையின் காலநிலை ஆய்வு மையமும் அறிவியல் பக்கம் சாய்ந்தவை, ஆனால் அடித்தளம் நல்லது. வன உரிமை என்றால் கோத்தகிரி கீஸ்டோன் தொண்டு நிறுவனம். சென்னையில் சிஏஜி (தணிக்கைத் துறை அல்ல, நுகர்வோர், குடிமக்கள் உரிமை அமைப்பு), டெல்லியில் சிஎஸ்இ (Centre for Science and Environment). பலருக்குத் தெரியாத ஒன்று: தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசின் காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. கலெக்டர் தலைமை, மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். அவருக்கே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கைப் பார்க்கும் சஸ்டெய்னபிலிட்டி பிரிவையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு பையர் கேட்கும் கணக்கு அங்கேதான் தயாராகிறது, விதி எப்படிக் காசாகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

காசு விஷயம். நிறைய இடங்களில் உதவித்தொகை கிடையாது. ‘சம்பளமில்லாம எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம்?’ என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். சென்னையில் இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் கையைக் கடிக்கும். அதனால் முதல் போனிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள்: உதவித்தொகை உண்டா, வெளியூர் போனால் பஸ் காசு யார் தருவார்கள், வீட்டிலிருந்து செய்யலாமா. கல்லூரியின் என்ஓசியை (ஆட்சேபனையில்லாச் சான்று) மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள், தேர்வு நேரத்தில் துறைத்தலைவரைப் பிடிக்க முடியாது. முடிக்கும்போது வெறும் ‘பங்கேற்றார்’ சான்றிதழை வாங்காமல், எந்த அறிக்கையில் எந்தப் பகுதியை எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.