அலமாரியில் தூங்கும் கிரெடிட் கார்டுகள்: எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, எப்படி மூடுவது

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். வங்கி மேலாளர் என் சிபில் அறிக்கையின் (இதுவரை கடன், கார்டு பாக்கிகளை எப்படிக் கட்டியிருக்கிறேன் என்று காட்டும் பதிவு) அச்சுப் பிரதியை மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்து ஒரு வரியின் மேல் பேனாவை ஊன்றினார். வரிசையின் தொடக்கத்தில் 089, 059, 028 என்று மூன்று எண்கள். அதற்கப்புறம் எல்லாம் 000. "இது என்ன கார்டு சார்?" என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களைக் கிளறியபோதுதான் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் குப்பையில் போட்டேனே, அந்தக் கார்டு.

கார்டை வெட்டினால் வெட்டுப்படுவது பிளாஸ்டிக் மட்டும்தான், கணக்கு அப்படியே உயிரோடு இருக்கும். அந்தக் கணக்கில் ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் விழுந்திருக்கிறது. குறுஞ்செய்தி என் பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. கட்டாததால் மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. மூன்று மாதத்தில் மொத்தம் 2,360 ரூபாய். மேலாளர் காட்டிய எண்கள், பணம் கட்டாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கை.

"பயன்படுத்தாத கார்டு நிறைய இருந்தால் ஸ்கோர் (அந்த அறிக்கையை வைத்து நமக்குப் போடும் கடன் மதிப்பெண்) குறையுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: கார்டு சும்மா கிடப்பதால் குறையாது. அதைப் பற்றி நாம் மறந்துபோவதால் குறையும். நிலுவை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் கார்டு பெரும்பாலும் நல்லதுதான் செய்கிறது. எப்படி என்பதை இரண்டாவது படியில் சொல்கிறேன்.

படி 1: முதலில் அறிக்கையை எடுங்கள்

பர்ஸைத் திறந்து எண்ணினால் போதாது. சம்பளக் கணக்கோடு சேர்ந்து வந்தது, கடையில் பொருள் வாங்கும்போது "ஃப்ரீ சார்" என்று தந்தது எல்லாம் பர்ஸில் இருக்காது. அறிக்கையில் இருக்கும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். 2017லிருந்து ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நாலையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும்.

உங்கள் அறிக்கையை நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. கடனுக்கோ கார்டுக்கோ விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகும்.

என் பிடிவாதம் ஒன்று உண்டு. ஸ்கோரை இலவசமாகக் காட்டும் செயலிகளை நான் தொடுவதில்லை. பார்த்த மறுநாளே "பர்சனல் லோன் வேணுமா சார்" என்று தொலைபேசி அழ ஆரம்பித்துவிடும். நேராக அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் பிடிஎஃப்ஆக இறக்கிக்கொள்வேன். அறிக்கையின் மேலே இருக்கும் கன்ட்ரோல் நம்பரை, அதாவது அந்த அறிக்கைக்கான எண்ணை, தனியாகக் குறித்து வையுங்கள், தவறு இருந்து புகார் செய்யும்போது கேட்பார்கள்.

இப்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த வங்கி, கடைசி நான்கு எண், லிமிட் (அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற வரம்பு), ஆண்டுக் கட்டணம், கட்டணம் விழும் மாதம், பதிவான கைபேசி எண். கடைசிக் கட்டம்தான் என்னைக் கவிழ்த்தது. எக்ஸெல் பிரியர்கள் எக்ஸெல்லில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நோட்டுதான்.

படி 2: லிமிட் கணக்கைப் போடுங்கள்

மூன்று கார்டு இருக்கிறது என்று வையுங்கள். லிமிட் 1,00,000, 60,000, 40,000. மொத்தம் 2,00,000. முதல் கார்டில் மட்டும் மாதம் 50,000 ரூபாய் செலவு செய்கிறீர்கள். மொத்த லிமிட்டில் நீங்கள் பயன்படுத்துவது 25 சதவீதம். "சும்மாதானே கிடக்கிறது" என்று மற்ற இரண்டையும் மூடினால் அதே 50,000 இப்போது 50 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யவில்லை, ஆனால் காகிதத்தில் நீங்கள் கடனை நம்பி வாழ்கிற ஆள் மாதிரித் தெரிவீர்கள். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழிகாட்டல்.

இந்த 50,000ஐ டியூ தேதிக்குள் முழுசாகக் கட்டினாலும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி அனுப்பும் தகவலில் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் தொகை ஏறிவிடும். அடுத்த மாதம் கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள்.

ஒரே வங்கியின் இரண்டு கார்டு வைத்திருந்தால் பல நேரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட்தான் இருக்கும். அதில் ஒன்றை மூடுவதால் மொத்த லிமிட் குறையாது. இதை வங்கியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

படி 3: எதை வைப்பது, எதை மூடுவது

என் கணக்கு இது. ஆயுள் முழுக்கக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் இருக்கட்டும். இருப்பதிலேயே பழைய கார்டு என்றாலும் இருக்கட்டும், அதன் வயது உங்கள் கடன் வரலாற்றுக்கு வலு. கட்டணம் உள்ள கார்டை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை என்றால் மூடுங்கள். மூடுவதற்கு முன்னால் "கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றித் தந்தால் லிமிட்டும் மிஞ்சும், செலவும் இல்லை.

ஆனால் ஆறு மாதத்துக்குள் வீட்டுக் கடனோ வாகனக் கடனோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதைக்கு எதையும் மூடாதீர்கள், புதிதாக எதற்கும் விண்ணப்பிக்கவும் வேண்டாம். எத்தனை கார்டு வைத்திருக்கிறீர்கள் என்பதைவிடக் குறுகிய காலத்தில் எத்தனை கார்டுக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதுதான் உறுத்தும்.

வைத்துக்கொள்ளும் கார்டைத் தொடாமலே வைக்கவும் முடியாது. 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை மூடும் வேலையை வங்கி தொடங்கலாம். உங்களுக்குத் தகவல் அனுப்பி 30 நாள் காத்திருந்து, பதில் வராவிட்டால் மூடிவிடும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைபேசி ரீசார்ஜை அந்தக் கார்டில் போடுகிறேன். ஆட்டோ டெபிட்டையும் போட்டுவிட்டேன், "டோட்டல் டியூ" என்று. அந்தத் திரையில் "மினிமம் டியூ" என்ற பொத்தான் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். கை அதன்மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீதித் தொகைக்கு வட்டி ஓடும்.

படி 4: மூடுவது. நான் வழுக்கி விழுந்த இடம்

மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை: ரிவார்டு பாயின்ட்டைத் தீர்த்துவிடுங்கள். அந்தக் கார்டில் ஓடும் மாதாந்திரச் சந்தாக்களை ரத்து செய்யுங்கள். இஎம்ஐ ஏதும் பாக்கி இருக்கிறதா பாருங்கள். மனைவிக்கோ அப்பாவுக்கோ கூடுதல் கார்டு வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது என் கதை. கஸ்டமர் கேரை அழைத்தேன். பேசிய பெண் மிகவும் இதமாகச் சொன்னார்: "சார், நீங்க 1,000 ரூபாய் மட்டும் கட்டுங்க. மீதியை விட்டுடறோம். கணக்கை முடிச்சுக்கலாம்." 2,360க்குப் பதில் 1,000. வாய் வரைக்கும் "சரிம்மா" வந்துவிட்டது. பக்கத்து மேஜை நண்பர், முன்பு கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்தவர், கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரே ஒரு கேள்வி கேளுய்யா. ரிப்போர்ட்ல 'குளோஸ்டு'ன்னு வருமா, 'செட்டில்டு'ன்னு வருமா?"

கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. அப்புறம், "செட்டில்டுதான் சார் வரும்."

இந்த இரண்டு வார்த்தைக்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது. "குளோஸ்டு" என்றால் கடனை முழுசாகத் தீர்த்துக் கணக்கை மூடியவர். "செட்டில்டு" என்றால் முழுசாகக் கட்டாதவர், வங்கி கிடைத்தவரை வாங்கிக்கொண்டு விட்டது. அடுத்து கடன் கொடுக்கப் போகிறவர் அப்படித்தான் படிப்பார். 1,360 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டுக் கடனையே இழந்திருப்பேன்.

அதற்காகப் பேரம் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டியது செட்டில்மென்ட் அல்ல, கட்டண ரிவர்சல். அதாவது போட்ட தாமதக் கட்டணத்தை வங்கியே கார்டு கணக்கில் திரும்ப வரவு வைப்பது. அப்போது பாக்கியே குறைந்துவிடும், மிச்சத்தை நீங்கள் முழுசாகக் கட்டுகிறீர்கள், அறிக்கையில் கறை விழாது. நான் கேட்டதும் இரண்டு தாமதக் கட்டணத்தைத் திருப்பினார்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம். இரண்டு கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1,180 போக மீதி 1,180 என்று நானே கணக்குப் போட்டுக் கட்டினேன். அவர்கள் திருப்பியது 1,000தான், அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி 180ஐத் திருப்பவில்லை. மூடச் சொன்ன விண்ணப்பம் "நிலுவை உள்ளது" என்று திரும்பி வந்தது. எனவே மனக்கணக்கு வேண்டாம். ரிவர்சல் ஆனபின் நெட் பேங்கிங்கில் காட்டும் நிலுவையைப் பார்த்து அதை மட்டும் கட்டுங்கள், பூஜ்யம் ஆனதைத் திரையில் பார்த்த பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

விண்ணப்பத்தைத் தொலைபேசியில் சொல்வதைவிட மின்னஞ்சலில் அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்கும். தேதியோடு சாட்சி இருக்கும். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"கடைசி நான்கு எண் ____ உள்ள என் கிரெடிட் கார்டு கணக்கை நிரந்தரமாக மூடவும். இன்றைய தேதியில் நிலுவை பூஜ்யம், ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். மூடியபின் நிலுவை இல்லை என்ற சான்றை அனுப்பவும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு 'குளோஸ்டு' என்று தெரிவிக்கவும்."

நிலுவை இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது அதே 2022 விதி. தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த விதியை மின்னஞ்சலின் கடைசி வரியில் குறிப்பிட்டால் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது, என் அனுபவம்.

"கார்டை மூடித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று அவர்களாகவே அழைத்தால் அது வங்கி அல்ல. வைத்துவிடுங்கள்.

படி 5: மறுபடி அறிக்கையைப் பாருங்கள்

45 நாள் கழித்து அறிக்கையை எடுத்து அந்தக் கார்டின் வரியில் மூடிய தேதி இருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்று பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் குறைந்தது இருமுறை தகவல் அனுப்புவதால் முன்புபோல் ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை.

தவறாக இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

உண்மையாகவே தாமதமாகக் கட்டியிருந்தால் அதை அழிக்கச் சொல்லிப் புகார் போடுவது வீண். சிபில் அறிக்கை 36 மாதத்துக் கட்டண வரலாற்றைக் காட்டும். என் 089ம் அதுவரை கூடவே வந்தது. மேலாளரிடம் நடந்ததை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, நிலுவை இல்லாச் சான்றை இணைத்துக் கொடுத்தேன். கடன் நான்கு மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

பின்சேர்க்கை 1: "மூடிய கார்டு அறிக்கையில் இன்னும் இருக்கிறதே" என்று இரண்டு பேர் பதறிக் கேட்டிருந்தார்கள். இருக்கும், இருக்கட்டும். ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு உங்களுக்கு நற்சான்று மாதிரி.

பின்சேர்க்கை 2: ஒருவர் பாதுகாப்புக்கென்று 12 ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு மூடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு ரூபாயை வங்கி உங்கள் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அதற்குக் கணக்கு விவரம் கேட்டு அலைக்கழித்திருக்கிறார்கள். நிலுவை எவ்வளவோ அவ்வளவு மட்டும் கட்டுங்கள், பைசா உள்பட.

பின்சேர்க்கை 3: கேட்காமலே வந்த கார்டைப் பற்றி நிறைய கேள்விகள். உறையோடு கிடந்தால் ஆக்டிவேட் செய்யாதீர்கள். 30 நாளுக்குள் ஆக்டிவேட் ஆகாவிட்டால் வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் கட்டணமின்றி அவர்களே மூட வேண்டும். ஆக்டிவேட் ஆகாத புதுக் கார்டைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் கூடாது. ஆனாலும் அடுத்த அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன், என்னுடையது ஏறவில்லை.