குளிர்காலையில் பழைய காரைக் கிளப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலை மாத விடுமுறைக்கு டர்பனிலிருந்து பழைய காரில் புறப்பட்டு, வான் ரீனன் கணவாய் ஏறி, ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் உறவினர் வீட்டில் இரவு தங்குகிறவர்களுக்கு மறுநாள் விடியற்காலைதான் சோதனை. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, உறைபனி படிந்த முற்றத்தில் முனகுகிறது. எல்லோரும் குளிரைத் திட்டுகிறார்கள்.

உண்மையில் பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் டர்பனின் கோடை வெப்பமே; அந்தக் கேட்டைக் குளிர்காலம் வெளியே கொண்டுவருகிறது. சுழியம் டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைய, குளிரில் கெட்டியான எண்ணெயால் எஞ்சினைச் சுழற்றவோ கூடுதல் விசை தேவைப்படுகிறது. ஆகவே புறப்படுமுன் அளந்து பார்க்காததே முதல் தவறு. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் கவலையில்லை, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொடியை ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவ வேண்டும்; கழற்றும்போது எதிர்மின்முனை (−) முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை நம்மவர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைத் தருகிறது. அதற்கு மேல், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை முழுதும் இழுத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து முறை மிதித்தால், பிளக்குகள் நனைந்து பொறி தட்டாது. சோக்கை இழுத்து, ஓரிரு முறை மட்டும் மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிளக் நனைந்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி சுழற்றலாம். எஞ்சின் சீரானதும் சோக்கைப் படிப்படியாகத் தள்ளிவிட வேண்டும். மறந்தால் மிகுந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். எரிபொருள் ஊசி முறையில் இயங்கும் வண்டிக்கோ மிதிப்பதே வேண்டாம்.

ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றுவது பொறுமையின்மையின் விலை. பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். டீசல் வண்டியில் சூடேற்றும் பிளக்கின் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது, கறுப்புக் கம்பியின் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டுவது ஆபத்தானது. பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு சிறு தீப்பொறியிலும் வெடிக்கும். அந்த முனையை, பேட்டரியிலிருந்து தள்ளி, கிளம்பாத வண்டியின் எஞ்சினிலுள்ள வெற்று உலோகத்தில் மாட்டுங்கள்.

உறைந்த கண்ணாடியில் தேநீருக்கு வைத்த வெந்நீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்; கண்ணாடி விரிசல் விடும். இவை எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு, குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிய கராஜுக்குள் எஞ்சினைச் சூடாக்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டி கிளம்பியதும் வெளியே எடுத்து, அரை நிமிடத்துக்குப் பின் மெதுவாக ஓட்டத் தொடங்கினால், நின்றபடி உறுமுவதைவிட விரைவாகவே எஞ்சின் சூடாகும்.