குறைமாதக் குழந்தையின் செயற்கைச் சுவாசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சிஸ்டர், ஆக்சிஜன் நூறு காட்டுதா?” சென்னையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவாகச் சதவீதத்தில் தெரியும் 100, மகிழ வேண்டிய எண் அன்று. அதற்கு மேல் காட்டக் கருவியில் இடமில்லை என்பதால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிகையாகிவிட்டது என்பதை அது சொல்லாது. அந்த மிகையோ, முழுதாக வளராத விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கக்கூடும். 1940, 1950-களில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டதால் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். இன்று பொதுவாக 90 முதல் 95 சதவீதம் வரை இலக்காக வைக்கிறோம். அதற்குக் கீழே நீடித்தால் உயிருக்கே ஆபத்து. எண் 85-க்கு இறங்கினால் ஓடி வரும் நாம், 99-இல் மணிக்கணக்காக நின்றால் கண்டுகொள்ளாமல் விடுவதும், மேல் எல்லை அலாரத்தைத் தொல்லையென்று அணைத்துவிடுவதும் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறுகள்.

இதோடு சேர்ந்ததுதான், குழந்தை தேறி வீடு திரும்பியதும் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கும் ஊரில், நாள் தவறியதால் ஒரு குழந்தை பார்வையிழப்பதை என்னால் ஏற்க முடியாது.

மூக்கு வழியாக அழுத்தக் காற்று தரும் பபுள் சிபாப்பில், நீருக்குள் 5 சென்டிமீட்டர் அமிழ்ந்த குழாய் முனையில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றதும் காற்றோட்டத்தைக் கூட்டுவது தவறு. முதலில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்: மூக்குக் குழல் நழுவியிருக்கும், அல்லது வாய் திறந்திருக்கும். குழல் மூக்கின் நடுத்தண்டில் அழுந்தினால் புண்ணாகும். இடையே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். ஏசி குளிரில் குழாய்க்குள் கோத்துக்கொள்ளும் நீர் குழந்தையின் பக்கம் வழியாதபடி வடித்துவிட வேண்டும்.

வெண்டிலேட்டரில் உள்ள குழந்தை திடீரென நீலம் பாய்ந்தால், அழுத்தத்தை ஏற்றுமுன் மூச்சுக்குழலுக்குள் செருகிய குழாய் இடம் மாறியதா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததா, இயந்திரம் பழுதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வெண்டிலேட்டரில் உள்ள குழந்தையின் முகம் சுருங்கி அழுதும் சத்தம் வராததைக் கண்டு, குரலே போய்விட்டதென்று தாய்மார் கலங்குவதுண்டு. குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால்தான் ஒலி எழுவதில்லை. அது எடுக்கப்பட்டதும், முதலில் கரகரப்பாக, அழுகை கேட்கும். இதை முதல் நாளே தாயிடம் சொல்லாமல் விடுவது எங்கள் தவறு.